அப்பாவின் படுக்கையருகே ஆல்கஹால் கைத்தேய்ப்பான் போதுமா?

வணக்கம். ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குப் பின் வயிற்றுப்போக்கு வந்த உங்கள் அப்பாவுக்கு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று உறுதியானதையும், கட்டில் முனையில் ஆல்கஹால் கைத்தேய்ப்பான் (சானிடைசர்) இருக்கையில் செவிலியர் சோப்பையே வற்புறுத்துவது ஏன் என்று நீங்கள் குழம்புவதையும் படித்தேன். செவிலியர் சொன்னதே சரி.

பெரும்பாலான கிருமிகளை ஆல்கஹால் விரைவில் கொன்றுவிடும். அதனால்தான் மற்ற நோயாளிகளிடம் அதுவே முதல் தேர்வாக இருக்கிறது. ஆனால் இந்தப் பாக்டீரியா, தடித்த உறை கொண்ட, ஸ்போர் எனப்படும் உறங்குநிலை வித்துகளாக மலத்தில் வெளியேறுவதால், ஆல்கஹால் அவற்றை அழிப்பதில்லை, கைகளில் பரப்பிவிட மட்டுமே செய்கிறது. சோப்பும் அவற்றைக் கொல்வதில்லை. தேய்ப்பும் ஓடும் நீரும் சேர்ந்து தோலிலிருந்து அகற்றிவிடுகின்றன. எனவே மோதிரத்தைக் கழற்றிவிட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் உட்பட 40 முதல் 60 விநாடிகள் கழுவி, பொதுத் துண்டைத் தவிர்த்துக் காகிதத் துண்டால் துடையுங்கள்.

மலம் துடைக்கும்போது கையுறை கட்டாயம், ஆனால் அதைக் கழற்றும்போதே கை அசுத்தமாகிவிடக்கூடும் என்பதால் கழற்றியதும் மீண்டும் கழுவ வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான். வித்துகள் கட்டில் கம்பியிலும் கழிவறைக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்பதால், வித்துகளை அழிக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) போன்ற கரைசலால் துடைக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். அப்பாவின் கழிவறையை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். உடனிருக்கும் உங்கள் அம்மாவும் முதியவர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் ஏதேனும் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருந்தால், அவருக்கும் இத்தொற்று எளிதில் வரலாம் என்பதால், இப்போதைக்கு அவருக்குப் பதிலாக வேறொருவர் தங்குவது நல்லது.