இரண்டாவது பேட்டரியா, ஜெனரேட்டரா? மின்வெட்டுக்கும் புயலுக்கும் வீட்டைத் தயார் செய்தல்

கேள்வி: எங்கள் வீட்டில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியுடன் இன்வெர்ட்டர் உள்ளது. மின் பற்றாக்குறையால் இப்போது தினமும் பல முறை மின்வெட்டு ஏற்படுகிறது. புயல் வந்தால் இரண்டு, மூன்று நாட்கள்கூட மின்சாரம் இருப்பதில்லை. இன்சுலின் எடுத்துக்கொள்ளும் முதியவர் ஒருவரும் வீட்டில் இருக்கிறார். இன்னொரு பேட்டரி வாங்கலாமா, அல்லது ஜெனரேட்டரே வாங்கிவிடலாமா?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன், நீங்கள் சொல்லும் இரண்டு மின்தடைகளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதைக் கவனியுங்கள். பற்றாக்குறையால் வரும் மின்வெட்டில் மின்சாரம் போய்ப் போய் வரும். பேட்டரி மீண்டும் நிரம்ப இடைவெளி கிடைக்கும். புயலில் அந்த இடைவெளி கிடையாது. பேட்டரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்குமே தவிர உற்பத்தி செய்யாது. எனவே இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு போதும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் பணம் வீணாகிறது.

உங்கள் பேட்டரியின் கொள்ளளவை வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி வருகிறது. ஆனால் ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரும் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதத்தை இழப்பாகத் தின்றுவிடும். ஆகவே அன்றாட மின்வெட்டுக்கு 700 முதல் 750 வாட்-மணி வரைதான் கையில் உள்ளதாகக் கணக்கிட வேண்டும். இரண்டு சாதாரண மின்விசிறிகள் (தலா சுமார் 75 வாட்), மூன்று 9 வாட் எல்இடி விளக்குகள், ஒரு இணைய ரவுட்டர் ஆகியவை சேர்ந்து 190 வாட் அளவுக்கு இழுக்கும் என்பதால், இந்தக் கையிருப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டாது. அதே மின்விசிறிகளுக்குப் பதிலாகத் தலா 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் கொண்ட) மின்விசிறிகளை மாட்டினால் மொத்தச் சுமை 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். நான்கு மணி நேரம் ஏழரை மணி நேரமாகும். இரண்டாவது பேட்டரி தரும் பலனை மின்விசிறியை மாற்றியே பெற்றுவிடலாம் என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சற்று விரிவாகச் சொன்னேன்.

இரண்டாவது பேட்டரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டர்கள் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர் வேகத்தில் சார்ஜ் செய்பவை. பாதி காலியான உங்கள் பேட்டரி நிரம்பவே ஆறேழு மணி நேரம் ஆகும்; கடைசிக் கட்டத்தில் வேகம் குறைவதால் அதற்கு மேலும் ஆகலாம். ஒரு நாளில் மின்சாரம் இருக்கும் நேரம் அதற்கே போதாதபோது, அதே சார்ஜரைக் கொண்டு இரண்டு பேட்டரிகளை நிரப்புவது நடக்காத காரியம்.

புயலுக்கு வருவோம். இங்கே நோக்கம் வசதியாக இருப்பதல்ல. தண்ணீர், மருந்து, தகவல்தொடர்பு, வெளிச்சம் ஆகிய நான்கும் தொடர்வதுதான். புயல் அறிவிப்பு வந்ததும் மேல்நிலைத் தொட்டியை நிரப்புங்கள். மோட்டார் ஓடாத நாட்களுக்காக, ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் குடிநீரைத் தனியே எடுத்து வையுங்கள். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று கைப்பேசியை அதன் பேட்டரி அளவைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு முறை சார்ஜ் செய்யும். மெழுகுவர்த்தி வேண்டாம், டார்ச் போதும்.

ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டாம். அதன் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். அதனால் ஃப்ரீசரில் காலியாக உள்ள இடத்தில் முன்கூட்டியே தண்ணீர் பாட்டில்களை அடுக்கி உறைய வைத்துவிடுங்கள்.

இன்சுலினைப் பற்றிப் பதற வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்ட அறை வெப்பநிலையில் சுமார் 28 நாட்கள் வரை கெடாமல் இருக்கும். உங்களுடைய மருந்துக்குரிய வரம்பைப் பெட்டியில் உள்ள குறிப்புத்தாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரிக்காத இருப்பை, அந்த உறைந்த பாட்டில்களில் ஒன்றுடன், குளிர்ச்சியைக் காக்கும் ஐஸ் பெட்டியில் வைக்கலாம். ஆனால் பாட்டிலை முழுவதும் துணியால் சுற்றி, மருந்து அதன்மீது நேரடியாகப் படாமல் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துபோன இன்சுலின், உருகிய பிறகு பழையபடி தெரிந்தாலும் பயன்படுத்தத் தகாதது. ஈர மணலிட்ட மண்பானை வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும் என்றாலும், புயல் காலத்து ஈரக்காற்றில் அதை நம்ப முடியாது.

ஜெனரேட்டரை நான் உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. ஆக்சிஜன் செறிவூட்டி போல, மணிக்கணக்கில் 300 வாட்டுக்கு மேல் எடுக்கும் கருவி உள்ள வீட்டுக்கு அது அவசியமாகலாம். அப்படி வாங்குவோர்கூட, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், அதைத் திறந்தவெளியில், கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளியே இயக்க வேண்டும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (வீட்டைத் தெரு மின்கம்பியிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்) இல்லாமல் சுவர் பிளக்கில் அதைச் செருகுவது, தெருவில் கம்பியைச் சரிசெய்பவரைக் கொல்லக்கூடிய செயல். வீட்டிலிருந்து திரும்பிப் போகும் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்துவிடும். கூரையில் சூரியத் தகடு இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின் கட்டமைப்புடன் மட்டும் இணைந்த அமைப்பு, இதே ஆபத்தைத் தவிர்க்க, மின்தடையின்போது தானாகவே நின்றுவிடும். பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருந்தால் மட்டுமே அது புயலுக்கு உதவும்.

வெள்ளம் புகக்கூடிய வீடானால், மெயின் ஸ்விட்சை அணைத்து, இணைப்பைக் கழற்றி, இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் முன்னதாகவே உயரமான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். தண்ணீரில் நின்றபடி எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. மின்சாரம் திரும்பும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதால், ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு வைத்து, மற்றவற்றை அணைத்துவிடுங்கள். அது சீராக எரிவதைப் பார்த்து, ஐந்து நிமிடம் கழித்து ஃப்ரிட்ஜைப் போடலாம்.

முதலில் ஒரு சாதாரண நாளில், பேட்டரி முழுமையாக நிரம்பிய பின் மெயின் ஸ்விட்சை அணைத்து, வழக்கமான சுமையுடன் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன சுமையில் நான்கு மணி நேரத்துக்கு வெகு முன்பே எச்சரிக்கை ஒலித்தால், டிஸ்டில்ட் வாட்டர் அளவைச் சரிசெய்து, மீண்டும் முழுதாக சார்ஜ் செய்த பிறகு, பேட்டரிக்குள் உள்ள ஒவ்வொரு அறையையும் (செல்) அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் சோதிக்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஓர் அறையின் அளவீடு மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் அந்த பேட்டரியையே மாற்ற வேண்டும். அதன் பக்கத்தில் புதியதொன்றை இணைத்தால், பழையது புதியதையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.