சிரிக்க வைக்கும் அறிவியல் ஆவணப்படங்கள்: கேள்வி பதில்

சிரிப்பும் அறிவியலும் சேர்ந்த ஆவணப்படங்கள் பற்றி வாசகர்களைக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில்கள்.

உயிரியல் ஆசிரியை: மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பாடம் மனதில் நிற்குமா?

சிரிப்பு எதன் மேல் வருகிறது என்பதைப் பொறுத்தது. 1977-ல் கப்லான், பாஸ்கோ என்ற இருவர் நகைச்சுவை கலந்த விரிவுரைகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டிச் சோதித்தார்கள். உடனே வைத்த தேர்வில் பெரிய பலன் இல்லை. ஆறு வாரம் கழித்துக் கேட்டபோது, வேடிக்கையான உதாரணத்தோடு சொன்ன கருத்துகள் கூடுதலாக நினைவில் இருந்தன. பாடத்தோடு ஒட்டாத ஜோக் அந்த வேலையைச் செய்யாது. மாணவருக்கு ஜோக் நினைவிருக்கும், பாடம் போய்விடும்.

படத்தொகுப்பு மாணவர்: ஒட்டிய சிரிப்புக்கு ஓர் உதாரணம்?

கரும்புத் தேரைகளைப் பற்றி மார்க் லூயிஸ் இயக்கிய 1988-ம் வருட ஆஸ்திரேலியப் படம். கரும்பைத் தின்னும் வண்டை ஒழிக்க 1935-ல் ஹவாயிலிருந்து தேரைகளைக் கொண்டுவந்து குயின்ஸ்லாந்தில் விட்டார்கள். வண்டு மேலே இலையில், அதன் புழு மண்ணுக்குள் வேரில். தரையில் தத்தும் தேரைக்கு இரண்டுமே எட்டாது. வண்டு அப்படியே இருந்தது, தேரை பெருகியது. அதன் நஞ்சால் அதைத் தின்ன வந்த உடும்புகளும், குவோல் என்ற பூனை அளவுள்ள பைம்மா விலங்குகளும் செத்தன.

இந்தக் கதையில் தனியாக ஜோக் எழுதவே வேண்டாம், திட்டமே வேடிக்கை. லூயிஸ் கேமராவைத் தேரையின் கண் உயரத்துக்கு இறக்குகிறார். ஒரு சிறுமி பெரிய தேரையை மடியில் வைத்துக் கொஞ்சுகிறாள். விஞ்ஞானிகள் முகத்தில் சிரிப்பில்லாமல் பேசுகிறார்கள். பார்த்து முடித்தவருக்கு, அயல் உயிரினத்தை யோசிக்காமல் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னணி இசை எங்கே கிடைக்கும்?

ஒலிக்கலைஞர்களைக் கேளுங்கள். உரிமம் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

ஆய்வாளர்: பேட்டி கொடுத்தால் கோமாளியாக்கிவிடுவார்களோ?

நியாயமான பயம். பேசி முடித்தவர் அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கும் இரண்டு விநாடியை வெட்டாமல் விட்டாலே போதும், அரங்கம் அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் சொன்ன விஷயம் அதோடு போச்சு. அந்தப் பகுதியை வெளியிடும் முன் காட்டச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாணவர்: போலி ஆவணப்படம் எடுக்கலாமா? அதுதான் அதிகச் சிரிப்பு.

வேண்டாம். 1957 ஏப்ரல் 1 அன்று சுவிட்சர்லாந்தில் நூடுல்ஸ் மாதிரியான ஸ்பகெட்டியை மரத்திலிருந்து அறுவடை செய்வதாக பிபிசி காட்டியது. அதை எப்படி வளர்ப்பது என்று கேட்டுத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. 2012-ல் கடற்கன்னி இருப்பதாக ஆவணப்பட பாணியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. அப்படி எதற்கும் ஆதாரமில்லை என்று அமெரிக்கக் கடல் வளிமண்டல ஆய்வு நிறுவனம் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

அதே மாணவர்: கடைசியில் 'இது கற்பனை' என்று போட்டால்?

கடைசிவரை பார்ப்பவர் எத்தனை பேர்? நடுவில் வெட்டிய துண்டுதான் பரவும். அதில் உங்கள் அறிவிப்பு இருக்காது.

இன்னொரு வாசகர்: பார்வையாளரை முட்டாளாக நினைக்கிறீர்கள். நையாண்டி மக்களுக்குப் புரியும்.

நையாண்டியை நான் எதிர்க்கவில்லை. கேள்வி கேட்பவர் அசட்டு வேடம் போடட்டும், எதிரே இருப்பவர் உண்மையான நிபுணராக, சரியான பதில் சொல்பவராக இருக்கட்டும். வேடம் கேள்வியோடு நிற்கிறது, பதிலைத் தொடவில்லை. போலி ஆவணப்படம் பொய்யைப் பதிலில் வைக்கிறது. துறை தெரியாதவரால் அதைப் பிரித்தறிய முடியாது, அது அவருடைய முட்டாள்தனமும் இல்லை.

அவரே: அப்படியானால் எல்லாப் புனைவுமே தப்பா?

புனைவு புனைவு என்று தெரிந்தால் தப்பே இல்லை. ஆவணப்படத்தின் குரலைக் கடன் வாங்கிப் பொய் சொல்வதைத்தான் தப்பு என்கிறேன். இதற்கு மேல் இதில் பதில் எழுதப்போவதில்லை. வேறு பலர் காத்திருக்கிறார்கள்.

சிரித்தால் அறிவியலின் மதிப்பு குறையாதா?

இதுவும் ஏறக்குறைய முதல் கேள்விதான். முதல் இரண்டு பதில்களைப் படியுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: 'வெறும் தமாஷ்தானே' என்று பார்வையாளர் ஒதுக்கிவிடுவது உண்மையிலேயே நடக்கும். அதனால் முக்கியமான தகவல் வரும் இடத்தில் சிரிப்பை நிறுத்திவிடுங்கள்.

விலங்குகளுக்கு மனிதக் குரல் கொடுக்கலாமா?

கவனம் தேவை. 2008-ல் நடிகை இசபெல்லா ரோசெல்லினி பூச்சி வேடம் போட்டுப் பூச்சிகளின் இனச்சேர்க்கையை விளக்கும் குறும்படங்கள் எடுத்தார். மனிதர்தான் நடிக்கிறார் என்று கண்ணுக்குத் தெரிகிறது, குழப்பமில்லை. நிஜக் காட்சியின் மேல் 'பொறாமைப்படுகிறது' என்று குரல் ஓடினால் அது தகவலாகவே பதிந்துவிடும்.

மறுபடியும் ஒரு மாணவர்: போலி ஆவணப்படம்...

மேலே பாருங்கள்.

எனக்கு ஜோக் எழுதவே வராது. என்ன செய்ய?

எழுத வேண்டாம். களத்தில் வேலை செய்பவரிடம் போய், 'திட்டமிட்டபடி நடக்காமல் போனது எது?' என்று கேளுங்கள். உடைந்த கருவி, ஏமாற்றிவிட்டு ஓடிய விலங்கு, தப்பாகக் கணித்த மழை என்று சொல்லிக்கொண்டே போவார். அதில் எதைச் சொல்லும்போது அவரே சிரிக்கிறாரோ அதைக் குறித்துவைத்து, அங்கிருந்து படத்தைத் தொடங்குங்கள்.