ஓடையோரக் காணி 8 இலட்சம் மலிவு: வாங்கலாமா?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம் ஓடையோரமாக அரை ஏக்கர் காணி 18 இலட்சத்துக்கு வருகிறது. றோட்டுக்கு அந்தப் பக்கம் அதே அளவு மேட்டுக்காணி 26 இலட்சம். கையில் 35 இலட்சம் இருக்கிறது. வீடு கட்ட வங்கியில் 25 இலட்சம், 15 வருடக் கடன் எடுக்க யோசிக்கிறேன். "2018இல வந்தது நூறு வருச வெள்ளம், இனி உங்கட காலத்தில வராது" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள். நூறு வருட வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை முறை வைத்து வருவதல்ல. ஒவ்வொரு வருடமும் அந்த மட்டத்துக்குத் தண்ணீர் ஏற 1 வீத வாய்ப்பு உண்டு என்பதுதான் பொருள். போன வருடம் வந்ததால் இந்த வருட வாய்ப்புக் குறையாது. உங்கள் கடன் காலமான 15 வருடத்தில் ஒரு தடவையாவது வர 14 வீத வாய்ப்பு. அதுவே 25 வருட வெள்ளமாக இருந்தால் 46 வீதம், கிட்டத்தட்ட பூவா தலையா. உங்கள் காணி இதில் எது என்று எவரும் எழுதித் தரப்போவதில்லை. அதனால் இரண்டையும் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

கண்டாவளையில் இன்னொன்றும் இருக்கிறது. கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கு வந்து, வான் பாய்ந்து, உங்கள் பக்கத்தால்தான் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது. இரணைமடு 36 அடியை நெருங்கி மழையும் விடாவிட்டால் வான் கதவுகளைத் திறந்தே ஆகவேண்டும். 2018 டிசம்பர் 21, 22இல் கீழ்ப்பகுதி மூழ்கியபோதும் கதவுகள் திறந்திருந்தன. ஆகவே உங்கள் முற்றத்துக்கு வரும் தண்ணீரை அங்கே பெய்யும் மழை மட்டும் தீர்மானிப்பதில்லை.

வெள்ளச் சமவெளி முழுவதும் ஒரே மாதிரியான நிலம் அல்ல. தண்ணீர் ஓடும் பாதை வேறு, ஏறித் தேங்கி நிற்கும் விளிம்பு வேறு. ஓடும் தண்ணீர் அத்திவாரத்தின் அடியை அரிக்கும், மதிலைத் தள்ளும். தேங்கும் தண்ணீர் சுவரையும் சாமானையும் ஊறவைக்கும். காணியில் பரும்மணல் படிந்து, வேலியில் சருகும் குப்பையும் ஒரே பக்கமாகச் சிக்கியிருந்தால் அது ஓடும் பாதை. 10 இலட்சத்துக்குத் தந்தாலும் அங்கே வீடு வேண்டாம். கிறவல் போட்டு உயர்த்தினால் தண்ணீர் அயலவரின் வளவுக்குத் திரும்பும். மெல்லிய வண்டல் மட்டும் படிந்திருந்தால் தேங்கும் விளிம்பு. அங்கே பேசிப் பார்க்கலாம்.

பேச முதல் அளந்து பாருங்கள். 2018 தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்பது அயல் வீடு, கோயில், பள்ளிக்கூடச் சுவர்களில் கறையாக இருக்கும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று வீட்டாரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். காணிக்கு மிகக் கிட்ட உள்ள அடையாளத்தையே எடுங்கள், ஏனென்றால் வெள்ளத்தின் மேல்மட்டம் ஆற்றோடு சேர்ந்து சரியும். மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும், தண்ணீர் நிரப்பிய ரியூப் லெவலால் அந்த மட்டத்தைக் காணிக்குக் கொண்டுவந்து, நிலத்திலிருந்து எத்தனை அடி என்று குறியுங்கள். ரியூப்பில் காற்றுக்குமிழ் நின்றால் அளவு பிழைக்கும். றோட்டு மதகையும் பாருங்கள்: மரமும் குப்பையும் அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி, மேலே உள்ள காணிகளில் மட்டம் ஏறும்.

அடையாளம் நிலத்திலிருந்து 2 அடி என்று வைப்போம். அதற்கு மேல் ஒன்றரை அடி கூட்டி, வீட்டுத் தளத்தை மூன்றரை அடியில் எழுப்பவேண்டும். 1,200 சதுர அடிக்கு 4,200 கன அடி, அதாவது 42 கியூப். ஆறு அங்குலப் படையாக இடித்து இறுக்கும்போது அமர்வதால் 52 கியூப் அளவில் கிறவல் தேவை. லொறி விலையை ஊரில் கேட்டுப் பெருக்கி, உயர்த்திய அத்திவாரச் சுவர், படி, மலசலகூடக் குழியை மேலே எடுக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். 8 இலட்சத்தில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் உண்மையான மலிவு.

உயர்த்தாமல் கட்டினால்? ஒரு வெள்ளத்துக்கு 8 இலட்சம் சேதம், 25 வருட வெள்ளத்துக்குரிய வருடம் 4 வீத வாய்ப்பு என்றால் வருடத்துக்கு 32,000 ரூபா, 15 வருடத்துக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். இது சராசரிதான். வெள்ளம் தவணை முறையில் வராது, 8 இலட்சத்தையும் ஒரே இரவில் கேட்கும். வங்கியோ தவணையை நிறுத்தாது: 12 வீத வட்டியில் 25 இலட்சத்துக்கு மாதம் ஏறத்தாழ 30,000 ரூபா. ஆறு மாதத் தவணை, 1 இலட்சத்து 80 ஆயிரம், தொடாமல் தனியாகக் கிடக்கட்டும்.

காப்புறுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடனுக்காக எடுக்கும் தீக்காப்புறுதியில் வெள்ளம் தானாகச் சேர்ந்திருக்கும் என்று எண்ணாதீர்கள், பத்திரத்தில் அந்தச் சொல் இருக்கவேண்டும். தொகையையும் பாருங்கள். 40 இலட்சம் பெறுமதியான வீட்டைக் கடன் அளவான 25 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்தால், விகிதாசார நிபந்தனை (பெறுமதியில் எத்தனை பங்குக்குக் காப்புறுதியோ, சேதத்திலும் அத்தனை பங்கே தருவது) உள்ள பத்திரத்தில் 8 இலட்சச் சேதத்துக்கு 5 இலட்சமே கிடைக்கும். காணி விலையை விட்டு, வீட்டைத் திரும்பக் கட்டும் முழுச் செலவுக்கும் எடுங்கள்.

என் முடிவு இதுதான். அடையாளம் 2 அடிக்குள், தேங்கும் விளிம்பு என்றால், உயர்த்தும் செலவைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கலாம். 3 அடிக்கு மேல் என்றால் மேட்டுக்காணியை வாங்குங்கள். கையிருப்பில் மிஞ்சும் 9 இலட்சமும் கடனும் சேர்ந்து 34 இலட்சம், அதற்குள் வீட்டைச் சிறிதாகக் கட்டலாம்.

எதுவானாலும் முற்பணம் கொடுக்க முதல் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் ஓடை ஒதுக்கீடு (ஓடைக் கரையோரமாகக் கட்டாமல் விடவேண்டிய நிலம்) காணிக்குள் எவ்வளவு வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஒதுக்கீட்டில் கட்டினால் பிரதேச சபையின் அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் நின்றுவிடும். உறுதி இல்லாத பெர்மிற் காணியென்றால் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. இப்போது காய்ந்து கிடக்கும் ஓகஸ்ட் என்றால், முடிவை மார்கழி வரை தள்ளி, பெருமழை பெய்த மறுநாள் அந்தக் காணிக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள்.