கோல்ஃப் தனி ஆட்டம்தானே, அமெச்சூர்கள் நாட்டுக்காக அணியாக எப்படி ஆடுகிறார்கள்? பணம் கிடைக்குமா?

பணக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பரிசுப் பணம் கிடையாது, கோப்பையும் பதக்கமும்தான்.

அணிக் கணக்கு எனக்குப் புரிந்தது என் ஸ்கோரைத் தூக்கிப் போட்ட நாளில். நான் நாட்டுக்கெல்லாம் ஆடியவனில்லை, வார இறுதி ஆட்டக்காரன். கிளப்புகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் மூவர் அணியில் மூன்றாம் ஆள். உலக அமெச்சூர் அணிப் போட்டியில் இருக்கும் அதே விதிதான்: மூன்று பேரும் ஆட வேண்டும், ஒவ்வொரு நாளும் குறைந்த ஸ்கோர் இரண்டை மட்டும் கூட்டுவார்கள் (கோல்ஃபில் ஸ்கோர் என்பது அடித்த அடிகளின் எண்ணிக்கை, குறைந்தால்தான் நல்லது). ஆண்களுக்கு ஐசனோவர் கோப்பை, பெண்களுக்கு எஸ்பிரிட்டோ சான்டோ கோப்பை. நான்கு நாள், தினமும் 18 குழி. இன்று சொதப்பியவரின் ஸ்கோர் நாளை அணியைக் காப்பாற்றலாம்.

அணி என்றாலும் நம்மோடு நடப்பது எதிரணிக்காரர்கள்தான். நம்மாட்கள் எங்கோ முன்னாலோ பின்னாலோ இருப்பார்கள். 17வது குழியில் இரண்டு பந்தைத் தண்ணீரில் விட்டேன். அப்போதும் என் ஸ்கோர் தேவைப்படுமா என்று தெரியாது, அதனால் கடைசிக் குழியில் நாலடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டக்கூடக் கை நடுங்கியது. உள்ளே விழுந்தது. பிறகு பலகையைப் பார்த்தால் என் 91 மேல் ஒரு கோடு, கணக்கில் சேரவில்லை.

1958இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த முதல் ஐசனோவர் கோப்பையில் அணிக்கு நான்கு பேர், மூவரின் ஸ்கோர் கணக்கு. நான்கு நாள் முடிவில் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் சரியாக 918. மறுபடியும் 18 குழி ஆடி, 222க்கு 224 என ஆஸ்திரேலியா ஜெயித்தது. அடுத்த போட்டி 1960இல் அமெரிக்காவின் மெரியன் கிளப்பில். ஜாக் நிக்லஸ் நான்கு சுற்றில் 269 அடிக்க, அமெரிக்கா 42 ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் வென்றது. அந்த அணியில் நான் இருந்திருந்தால் நிம்மதியாக 91 அடித்திருப்பேன்!

வாக்கர் கோப்பை வேறு மாதிரி. அதுவும் அமெச்சூர்களுக்குத்தான், அமெரிக்காவும் பிரிட்டன்-அயர்லாந்து அணியும் மோதுவது. மொத்த ஸ்ட்ரோக்கைக் கூட்டுவதில்லை, ஒவ்வொரு குழியையும் யார் ஜெயித்தார் என்பதுதான் கணக்கு. சில ஆட்டங்களில் இருவர் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிப்பார்கள். நம் தப்புக்குக் கூட்டாளி புதரில் நின்று அடிக்க வேண்டியிருக்கும். 1922இல் நடந்த முதல் வாக்கர் கோப்பையில் பிரிட்டன் அணித் தலைவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, செய்தி எழுதப் போயிருந்த பெர்னார்ட் டார்வினை இறக்கிவிட்டார்கள். அணி தோற்றது. நிருபர் தன் ஒற்றையர் ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்.