நான்கு வரப்பும் நடந்து பார்

அன்புள்ள ஐயா,

என் மகள் புவியியலில் முதுகலை முடித்திருக்கிறாள். நிலத்தில் விழும் வெயிலில் எவ்வளவு திரும்பிப் போகிறது என்று செயற்கைக்கோளை வைத்து அளக்கும் ஆய்வில் சேரப்போவதாகச் சொல்கிறாள். நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர், நிலம் இருக்கிறது. எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அதில் என்ன தெரிந்துவிடும்? வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் ஊரில் அளக்க என்ன இருக்கிறது? கருவியும் வெளிநாட்டுக்காரர்களுடையது. வெறும் வெளிச்சத்தை அளப்பதற்கு அவள் ஐந்து வருடத்தைக் கொடுக்கலாமா? நீங்கள் சொன்னால் கேட்பாள்.

க.

அன்புள்ள க.,

வருடம் முழுக்கப் பச்சை என்று ஒரு விவசாயி எழுதலாமா? சித்திரையில் உங்கள் வயல் என்ன நிறத்தில் வெடித்துக் கிடக்கிறது என்று போய்ப் பாருங்கள். நடவுக்குச் சேடை ஓட்டி, அதாவது சேறாக உழுது, தண்ணீர் கட்டிய வயல், விழும் வெயிலில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். பயிர் மூடிவிட்டால் அது ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். காய்ந்த மண் வெளுக்கும், நனைந்த மண் கறுக்கும். திரும்பிப் போகாத வெயில்தான் மண்ணைச் சுடவைக்கிறது, வயலில் நிற்கும் தண்ணீரை ஆவியாக்குகிறது. மேட்டூர்த் தண்ணீருக்காக, அணை திறக்கும் ஜூன் 12-ஐ எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு இது வெறும் வெளிச்சமா?

வெளிநாட்டுக் கருவி என்பதை விடுங்கள். அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே அப்பாவின் நினைவாக இருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். புரட்டாசி மாதம், சம்பா நட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. காலையில் தண்ணீர் பார்த்துவரச் சொல்லி அனுப்பினார். கிழக்கு வரப்பில் நின்று பார்த்தேன். வெயில் என் முதுகில் அடித்தது. வயல் முழுக்க ஒரே இளம்பச்சை. ஓடிவந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். "எந்த வரப்பில் நின்றாய்?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் என்னைக் கையைப் பிடித்து மேற்கு வரப்புக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து சூரியனை எதிர்த்துப் பார்த்தால் அது வேறு வயல். நாற்று கறுத்துத் தெரிந்தது. குத்துகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடித்துண்டு போல மின்னியது. வடமூலையில் மட்டும், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு, மினுக்கம் இல்லை. நண்டு வளை வழியாகத் தண்ணீர் அடுத்த வயலுக்கு வடிந்துபோயிருந்தது. களிமண்ணை உருட்டி வளையை அடைத்துக்கொண்டே, "நான்கு வரப்பும் நடந்து பார்க்காமல் வயலைப் பார்த்தேன் என்று சொல்லாதே" என்றார்.

உங்கள் மகள் படிக்கப்போவது இதைத்தான். நிலம் எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி வெயிலைத் திருப்புவதில்லை. சூரியன் கருவியின் முதுகுப்பக்கம் இருந்தால் நிழல்கள் இலைக்கு அடியில் மறைந்து நிலம் வெளிச்சமாகத் தெரியும். எதிரே இருந்தால் அதே நிலம் இருண்டுவிடும். ஒரு பார்வையை நம்பி ஓர் எண்ணை எழுதினால் அது கிழக்கு வரப்பில் நின்ற சிறுவன் சொன்ன சேதி. அதனால்தான் 1999-இல் ஏவிய டெரா, 2002-இல் ஏவிய அக்குவா ஆகிய செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி பதினாறு நாள் பார்வைகளைச் சேர்த்துவைக்கிறது. ஒவ்வொரு நாளும் கோணம் மாறும். டெரா முற்பகலில் கடக்கும், அக்குவா பிற்பகலில். காற்றும் தூசியும் கலந்த வெளிச்சத்தைக் கழித்து, எல்லாக் கோணங்களையும் பொருத்தி, அதன் பிறகே இந்த நிலம் இவ்வளவு திருப்புகிறது என்று கணக்கு சொல்கிறது. பதினாறு நாள் வரப்பைச் சுற்றி நடப்பதற்குச் சமம். இவ்வளவு பொறுமையை எந்த வாயால் வீண் என்கிறீர்கள்?

உங்கள் ஒரு வேலி அதில் தனியாகத் தெரியாது, உண்மைதான். அதன் ஒரு கட்டம் ஐந்நூறு மீட்டர் சதுரம், ஏறக்குறைய ஒன்பது வேலி. உங்கள் வயல், பக்கத்து வாய்க்கால், தென்னந்தோப்பு, தார்ச்சாலை எல்லாம் ஒரே எண்ணாகிவிடும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் மேகம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும், சம்பா நிற்கும் காலத்திலேயே, வானம் மூடிவிடுகிறது. நல்ல பார்வை போதிய அளவு கிடைக்காதபோது பழைய அறிவை வைத்து ஊகித்துத்தான் எண் வருகிறது. அந்த ஊகம் சரியா என்று சொல்ல, எந்த வாரம் சேடை ஓட்டினார்கள், எந்த வாரம் பயிர் மூடியது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். இந்த மண்ணில் வளர்ந்த பெண்ணைவிட அதற்கு யார் பொருத்தம்?

அவளுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நடவு, தண்ணீர் கட்டியது, அறுப்பு என்று தேதி குறித்துவைத்த பழைய நோட்டுகள் வீட்டில் இருக்கும். பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, அவள் கையில் கொடுங்கள்.