கிச்சன் மேடைக்கு மேட்ச் ஆகலைன்னு இன்னும் எத்தனை தடவை கடன்?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில சொந்த வீடு. வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசு பட்டறை வேலை, சராசரியா மாசம் 35,000. நான் ஸ்கூல் டீச்சர், 22,000. ஹோம் லோன் இஎம்ஐ 17,500. கொழுந்தனார் இன்டீரியர் வேலை பண்றார், என் நகையை 2 லட்சத்துக்கு அடகு வச்சுக் குடுத்தோம் (மாசம் 2,000 வட்டி மட்டும் கட்டறோம்), 10 அடிக்கு 8 அடி எல் ஷேப் கிச்சன்ல கீழ் கப்போர்டு மட்டும் வெள்ளை அக்ரிலிக்ல போட்டுக் குடுத்தார். இப்போ பழைய கருப்பு கிரானைட் மேடை இதுக்கு செட் ஆகல, வெள்ளை குவார்ட்ஸ் கல் போட்டு மீதியும் முடிச்சிரலாம், 4 லட்சம் ஆகும்ங்கிறார். பர்சனல் லோன் எடுக்கலாமா, ஹோம் லோன்லயே டாப்-அப், அதாவது அது மேலயே கூடுதல் கடன், கேக்கலாமா?

பதில்: ரெண்டும் வேணாம்ங்க. எந்த லோன்னு கேட்டிருக்கீங்க, ஆனா லெட்டர் முழுக்கத் தேடியும் கொட்டேஷன்னு ஒரு வார்த்தை இல்ல. சொந்தக்காரர்கிட்ட பேப்பர் கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு வாய்க் கணக்குலயே அட்வான்ஸ் குடுக்கறீங்க பாருங்க, அதுதான் உங்க நகையை உள்ள வச்சிருக்கு.

கொஞ்சம் கணக்கு போடுவோம். 10 அடிக்கு 8 அடி எல் ஷேப்னு எழுதியிருக்கீங்க, மேடை அகலம் 2 அடி, மூலையை ஒரு தடவை கழிச்சா 32 சதுர அடி. குவார்ட்ஸ் அடி 600 ரூபான்னே வைங்க, 19,200. பழசைப் பேத்தெடுக்கறது, சிங்க் கட்டிங், கூலின்னு தாராளமாப் போட்டாலும் 40,000 தாண்டாது. அப்போ மீதி 3.6 லட்சம் எதுக்கு? மேல் கப்போர்டு, டால் யூனிட்ங்கிற உயர அலமாரி, லைட், சிம்னி. பேச்சு மேடையைப் பத்தி, காசு போறது வேற எடத்துக்கு.

4 லட்சம் பர்சனல் லோன் 14% வட்டியில 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 9,300, கட்டி முடிக்கறப்போ 5.58 லட்சம். நகைக்கு மாசம் 2,000 வட்டி மட்டும் கட்டிட்டு வர்றீங்க, அசல்ல ஒரு ரூபா குறையல. ஹோம் லோன் 17,500-ம் சேத்தா மாசம் 28,800. வெள்ளி விலை ஏறி பட்டறையில ஆர்டர் படுத்து அவர் 20,000 மட்டும் கொண்டுவர்ற மாசத்துல உங்க கையில நிக்கறது 13,200, அதுல பிள்ளைங்க ஃபீஸ், மளிகை, கரன்ட் பில் எல்லாம் பாக்கணும். டாப்-அப்ல வட்டி கம்மிதான், ஆனா கிச்சன் கப்போர்டுக்கு 15 வருஷம் வட்டி கட்டறதா? சிம்னிக்கு நோ காஸ்ட் இஎம்ஐ இருக்குன்னு ஆரம்பிப்பார், ரொக்கத்துக்கு என்ன விலைன்னு முதல்ல கேளுங்க, அப்புறம் பிராசசிங் ஃபீஸையும் அதுக்கு ஜிஎஸ்டியையும் பாருங்க.

அப்புறம், கருப்பும் வெள்ளையும் சேராதுன்னு யார் சொன்னா? வெள்ளை ஷட்டருக்கு கருப்பு மேடை எப்பவும் எடுக்கும். உறுத்தறது அனேகமா மேடையோட உருண்டை விளிம்பு, கீழ இருக்கிறது கைப்பிடியே இல்லாத பளபள மாடலாச்சே. கிரானைட் பாலிஷ்காரரைக் கூப்பிட்டு அந்த விளிம்பை நேரா அரைக்க முடியுமான்னு கேளுங்க, தூசி பறக்கும், பரவால்ல. மேல் கப்போர்டு என்னைக்குப் போட்டாலும் அந்தக் கல்லுல தெரியற சாம்பல் புள்ளி கலர்ல பளபளப்பில்லாத மேட் லேமினேட் சாம்பிள் வாங்கி, கடை வெளிச்சத்துல முடிவு பண்ணாம, உங்க வீட்டு டியூப் லைட்டுக்குக் கீழ மேடை மேலயே வச்சுப் பாருங்க. வெள்ளை குவார்ட்ஸ்ல ரெசின்னு ஒரு பிசின் கலந்திருக்கும், அடுப்புலருந்து இறக்கின குக்கரை அப்படியே வச்சா நிறம் மாறலாம். மஞ்சத்தூள் கொட்டி உடனே தொடைக்கலைன்னா என்ன ஆகும்னு எங்க வீட்டு மேடையை வந்து பாருங்க, ஓரத்துல இன்னும் மஞ்சளா இருக்கு.

புது லோனுக்குக் கட்டத் தயாரா இருந்தீங்களே 9,300, அதை நகைக் கடன்லயே போடுங்க. இந்த 2,000 வட்டியோட சேத்து மாசம் 11,300 போனா 20 மாசத்துல நகை வீட்டுக்கு வந்துரும், டல் மாசங்களைக் கழிச்சா ரெண்டு வருஷம். அசல்ல கொஞ்சம் கொஞ்சமா கட்ட விடுவாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

கொழுந்தனார்கிட்ட நீங்க பேசாதீங்க, உங்க வீட்டுக்காரர் பேசட்டும். "தம்பி, என்ன பலகை, எத்தனை அடி, அடி என்ன ரேட்டுன்னு எழுதிக் குடு, நகையைத் திருப்பிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்"னு சொன்னாப் போதும். சிங்க் அடியில போட்ட பலகை தண்ணி தாங்கற 710 கிரேடு பிளைவுட்டா, மர நாரை அழுத்திச் செய்யற எம்டிஎஃப்பான்னும் அப்பவே கேட்டு வைங்க. எம்டிஎஃப்னா தண்ணி பட்டு உப்பும், அடுத்த செலவு அங்கருந்துதான் வரும்.