கிறிஸ்தவ ஓய்வுக்காலக் குடியிருப்பில் பொழுது எப்படிக் கழிகிறது?

அமெரிக்காவில் உள்ள கிறிஸ்தவ ஓய்வுக்காலக் குடியிருப்புகளில் ஆராதனையும் ஜெபக்கூட்டமும் போக மீதிப் பொழுது எப்படிக் கழிகிறது, அங்கே வாழ்பவர்களுக்குள் மெய்யான ஒட்டுறவு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நெருங்கிய பழக்கமுள்ள ஓர் இடத்தை வைத்தே பதில் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் கிளேர்மாண்ட் என்ற கல்லூரி ஊர் இருக்கிறது. அங்குள்ள பில்கிரிம் பிளேஸ் என்ற குடியிருப்பைத்தான் சொல்கிறேன். நான் பக்கத்து ஊரில் இருப்பவன். எங்கள் சபை வழியாக அங்கு வாழும் சிலரோடு உறவு ஏற்பட்டு, அவர்கள் வீடுகளுக்கும் அவர்கள் நடத்தும் விழாவுக்கும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன்.

இந்தக் குடியிருப்பு 1915இல் தொடங்கியது. வெளிநாடுகளில் ஊழியம் செய்துவிட்டு விடுப்பில் ஊர் திரும்பிய மிஷனரிக் குடும்பங்களுக்குத் தங்க ஒரு வீடு வேண்டும், அவர்களுடைய பிள்ளைகள் படிக்க அருகில் ஒரு கல்லூரி வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. காங்கிரிகேஷனல் சபையார் (ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நிர்வகித்துக்கொள்ளும் புரொட்டஸ்டண்ட் பிரிவினர்) 1887இல் நிறுவிய பொமோனா கல்லூரி அங்கே ஏற்கெனவே இருந்ததால் கிளேர்மாண்ட் பொருத்தமான ஊராக அமைந்தது. நாளடைவில் ஓய்வுபெற்ற மிஷனரிகள், போதகர்கள், இறையியல் ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் என்று வாழ்நாளைப் பொதுப்பணியில் கழித்தவர்கள் முதுமையில் வந்து சேரும் இடமாக அது மாறியது; இன்று பல சபைப் பிரிவினர் சேர்ந்து வாழ்கிறார்கள். சுமார் 32 ஏக்கர் நிலத்தில், மரங்களுக்கு நடுவே சிறுசிறு வீடுகளில், முந்நூறுக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1816இலும் மதுரையில் 1834இலும் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், பின்னாளில் மதுரையில் அமெரிக்கன் கல்லூரியையும் லேடி டோக் கல்லூரியையும் எழுப்பிய அதே மிஷன், இந்தக் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்ததுதான். ஆகவே, தென்தமிழ்நாட்டிலிருந்து வந்த என் போன்ற ஒருவனுக்கு அங்கே முற்றிலும் அந்நியமான உணர்வு ஏற்படுவதில்லை.

ஆராதனைகள் உண்டு, மாலை ஜெபம் உண்டு, பாடகர் குழு உண்டு. வந்தவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் தாங்களே பிரசங்க பீடத்தில் நின்றவர்கள் என்பதால், ஆராதனையை நடத்த ஆள் தேட வேண்டியதில்லை என்பது மட்டுமே இதில் சிறப்பாகச் சொல்லத் தக்கது. கூட்டுவாழ்வின் நடுத்தூணாக எனக்குத் தெரிவது மதிய உணவு. ஒவ்வொரு வீட்டிலும் சமையலறை இருந்தாலும், பொது உணவுக்கூடத்தில் கூடி உண்ணும் மதிய உணவை அவர்கள் கடமையைப் போலக் காத்து வருகிறார்கள். தனக்குப் பிடித்த நண்பர்களோடு மட்டும் ஒரே மேசையில் வேர்விட்டுவிடாதபடி இருக்கைகளை மாற்றி மாற்றி ஒதுக்கும் வழக்கமும் உண்டு. புதிதாக வந்தவர், கணவரை அண்மையில் இழந்தவர், காது மந்தமானதால் பேச்சில் ஒதுங்கிப் போகிறவர், யாராக இருந்தாலும் அன்றைய மேசையில் அவருக்கு ஓர் இடம் இருக்கும். அவர் வராவிட்டால் அந்த நாற்காலி காலியாக இருப்பதைப் பக்கத்தில் இருப்பவர் கவனித்து விசாரிப்பார். தனிமையைப் பற்றி எத்தனையோ ஆலோசனைகளைக் கேட்டிருக்கிறேன். இந்த எளிய ஏற்பாட்டைவிடப் பயனுள்ளதாக எதையும் நான் கண்டதில்லை.

நவம்பர் மாதத்தில் நடக்கும் விழாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மூர் சபைகளில் அறுப்பின் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு அதைப் புரியவைப்பது எளிது: சபையார் கொண்டுவந்த பொருள்களை விற்றும் ஏலம் விட்டும் காணிக்கை சேர்ப்பதைப் போல, இங்கே குடியிருப்பவர்கள் ஆண்டு முழுவதும் தங்கள் கையால் செய்தவற்றை விற்கிறார்கள். தோட்டத்துப் பழங்களைக் கொண்டு ஜாமும் மர்மலேடும் காய்ச்சுகிறவர்கள் ஒரு குழு; துணி நெய்கிறவர்கள், தைக்கிறவர்கள், மரச்சாமான் செய்கிறவர்கள், மண்பாண்டம் வனைகிறவர்கள், செடி வளர்க்கிறவர்கள், பழைய புத்தகங்களைத் தரம் பிரிக்கிறவர்கள் என்று தனித்தனிக் குழுக்கள். சிறு பிள்ளைகளுக்காக மரத்துண்டுகளையும் மூடிகளையும் உதிரிப் பொருள்களையும் குவித்துவைத்து, பசை கொடுத்து, விரும்பியதை ஒட்டிச் செய்துகொள்ளச் சொல்லும் ஒரு பகுதி உண்டு. முன்பு பிள்ளையாக வந்து ஒட்டியவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளை அழைத்துவருகிறார்கள். 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய யாத்திரிகர்களின் கதையை, குடியிருப்பவர்களே வேடமிட்டு நாடகமாக நடித்துவந்ததும் அவ்விழாவின் பெயர்பெற்ற பகுதியாகும்.

இவ்வளவு உழைப்பும் எதற்காக என்பதில்தான் அந்தச் சமூகத்தின் குணம் தெரிகிறது. வாழ்நாள் முழுவதும் குறைந்த ஊதியத்தில் ஊழியம் செய்தவர்களிடம் பெரிய சேமிப்பு இருக்காது. தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தால் கையிலிருப்பது கரைந்துவிடும், மருத்துவச் செலவோ கூடிக்கொண்டே போகும். அப்படிப்பட்டவர்கள் குடியிருப்பைவிட்டு வெளியேற நேராதபடி அவர்களைத் தாங்கும் உதவி நிதிக்கே விழாவின் வருமானம் போகிறது. எழுபது வயதுக்காரர் ஜாம் காய்ச்சுவதால் தொண்ணூற்றைந்து வயதுக்காரரின் பராமரிப்புச் செலவுக்கு வழி கிடைக்கிறது. இன்று காய்ச்சுகிறவருக்கு, நாளை தனக்கும் அந்த உதவி தேவைப்படலாம் என்பது நன்றாகத் தெரியும். பொழுதுபோக்குக்காகக் கைவேலை செய்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படிப்பும் விவாதமும் அங்கே ஓய்வதில்லை. மிஷனரிகள் உலகின் பல பாகங்களிலிருந்து கொண்டுவந்த கலைப்பொருள்களால் உருவான பெட்டர்சன் அருங்காட்சியகம் வளாகத்திலேயே உள்ளது. அமைதிக்காகவும் நீதிக்காகவும் சாலைச் சந்திப்பில் பதாகை பிடித்து நிற்கும் முதியவர்களை ஊரார் நன்கு அறிவார்கள். ஊர்க் கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்டிகளாக இருப்பவர்களும் உண்டு. கத்தோலிக்கப் பெண்ணிய இறையியலாளர் ரோஸ்மேரி ராட்ஃபோர்ட் ரூதர் தம் பிற்காலத்தை இங்கேதான் கழித்தார். மிஷனரிப் பெற்றோருக்கு 1925இல் ஜப்பானில் பிறந்த இறையியலாளர் ஜான் காப் இங்கு வாழ்ந்தபோதுதான், 2015இல், தம் தொண்ணூறாவது வயதில், சூழலியல் நாகரிகத்தைப் பற்றிய, அதாவது இயற்கையோடு இசைந்த வாழ்முறையைப் பற்றிய, பெரிய சர்வதேச மாநாட்டை முன்னின்று கிளேர்மாண்டில் கூட்டினார். 2024 டிசம்பரில் மறையும்வரை அவர் எழுத்தையும் பேச்சையும் நிறுத்தவில்லை. எல்லோரும் அவரைப் போல் ஆக முடியாதுதான். ஆனால் தொண்ணூறு வயதுக்காரர் ஒருவர் வேலைத்திட்டம் தீட்டுவதை வியப்பாகப் பார்க்காத அக்கம்பக்கம் அவருக்கு வாய்த்திருந்தது.

இப்படிச் செயலை மையமாக்கிய குடியிருப்பு இது ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். ஃப்ளோரிடாவில் பென்னி ஃபார்ம்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. கடைத்தொடர் நிறுவி பெரும் செல்வரான ஜே. சி. பென்னி, ஊதியம் பெறாமல் பிரசங்கியாராக இருந்த தம் தந்தையையும் தம் தாயையும் நினைவுகூரும் வகையில், ஓய்வுபெற்ற போதகர்களுக்காகவும் மிஷனரிகளுக்காகவும் 1920களில் அங்கே ஒரு குடியிருப்பைக் கட்டினார். 1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அவருடைய செல்வம் கரைந்துபோனது, குடியிருப்பு நிலைத்துவிட்டது. நடக்க இயலாதவர்கள் கையால் சுழற்றி ஓட்டக்கூடிய மூன்று சக்கர வண்டிகளை அங்குள்ள முதியவர்கள் தங்கள் பட்டறையில் செய்து, வறிய நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். போலியோவாலும் கண்ணிவெடியாலும் கால்களின் பயனை இழந்தவர்கள் தரையில் தவழ்ந்து செல்லும் நிலையைக் கண்ட ஒரு மிஷனரி கேட்டுக்கொண்டதன் பேரில், 1990களில் உருவான வடிவமைப்பு அது. வெல்டிங் தெரிந்தவர் வெல்டிங் செய்கிறார், வண்ணம் பூசத் தெரிந்தவர் பூசுகிறார், ஒன்றும் தெரியாதவர் திருகாணிகளை எண்ணிப் பொட்டலம் கட்டுகிறார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பில்கிரிம் பிளேஸில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் உயர்கல்வி பெற்றவர்கள். ஒரே விதமான பேச்சும் ஒரே விதமான அரசியலும் அங்கே மேலோங்கி இருப்பதால், வேறு கருத்துடையவர் தம்மைத் தனியாக உணரக்கூடும். கூட்டங்களும் குழுக்களும் மிகுதி. இளமையில் பட்ட பாட்டுக்குப் பின் வெறுமனே மரத்தடியில் உட்கார்ந்திருக்க விரும்புகிறவருக்கு, எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் இருக்கும் ஊரில் அப்படி இருப்பது எளிதல்ல. நோயும் மரணமும் அடிக்கடி வருகின்றன. நினைவு ஆராதனைகளுக்கு இடையில்தான் மற்ற நிகழ்ச்சிகளைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆராதனைகளில் மரணத்தை மூடிமறைக்காமல், போனவரின் கோபங்களையும் பிடிவாதங்களையும்கூட அன்போடு சேர்த்துப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் சேர்ந்து வாழ்வதன் பயன் எனக்கு அப்போதுதான் நேரடியாகத் தெரிந்தது.

நீங்கள் உங்கள் பெற்றோருக்காக இத்தகைய ஓர் இடத்தைத் தேடுகிறீர்கள் என்றால், அச்சிட்ட நிகழ்ச்சிநிரலின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மதிய உணவுக்கு விருந்தினராகப் போய் அமர்ந்து, அந்த நிகழ்ச்சிகளை ஊதியம் பெறும் அலுவலர் நடத்துகிறாரா, குடியிருப்பவர்கள் நடத்துகிறார்களா என்று கேளுங்கள். சேமிப்பு தீர்ந்துபோனவருக்கு என்ன நடக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நுழைவுக் கட்டணமும் மாதக் கட்டணமும் உள்ள இடங்களில் இது மிக முக்கியம். படுக்கையில் விழுந்தவரைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றிய பிறகு, பழைய அண்டை வீட்டார் அவரைப் போய்ப் பார்க்கிறார்களா என்றும் விசாரியுங்கள். இதை அலுவலகத்தில் கேட்பதைவிட, அந்தப் பிரிவின் தாழ்வாரத்தில் பிற்பகலில் ஒரு மணி நேரம் இருந்து, வந்துபோகிறவர்கள் யார் என்று நீங்களே பார்ப்பது நல்லது.